கண்ணாடி அறையில் எனக்கு மூன்று புருஷன்

டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினேழு வருஷம் இருந்தேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முகம் ஒரு நிமிஷம் மாறும். அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்றுவரை கெடுத்ததில்லை. என்ன வேலை என்று மேலே கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும்? கேட்டால், பெருக்கித் துடைத்து டீ போட்டுக் கொடுக்கிற வேலை என்பேன். அதையும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். நான் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். படிப்பு மூன்றாம் வகுப்பு. இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் போகும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

நான் இருந்தது கவுன்சிலிங் சொல்லிக்கொடுக்கிற டிபார்ட்மென்ட். மற்றவர்கள் கஷ்டத்தை உட்கார்ந்து கேட்கிறதுக்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு முழு வருஷம், கடைசியில் ஒரு பட்டம். முதலில் கேட்டபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். ஜங்புராவில் தமிழ் ஜனங்கள் குடிசை போட்டிருக்கிற எங்கள் மதராசி கேம்ப் தண்ணீர்க் குழாயில் அரை மணி நின்றால் முப்பது பேர் கஷ்டத்தைக் கேட்டுவிடலாம். பட்டம் கொடுத்தால் கேம்ப்புக்கே கொடுக்க வேண்டும்.

பெரிய வாத்தியார்கள் மூன்று பேர். தலைவி ஒரு பஞ்சாபி மேடம். கதர்ப் புடவை, காதோரம் நரை, சத்தம் போட்டே பேச மாட்டார். அடுத்தது தாடி சார்; அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர், தரையில் உட்காருவதென்றால் ரொம்பப் பிரியம், அதனால் அவர் அறையை மட்டும் நான் இரண்டு தடவை துடைக்க வேண்டும். மூன்றாவது வங்காளி சார், வாயில் பைப். அது எரிந்து நான் பார்த்ததில்லை. எதிரில் இருக்கிறவர் பேசட்டும் என்று தன் வாயை அடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த மூன்று பேருக்கும் இரண்டு சட்டம். ஒன்று, யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. கஷ்டப்படுகிறவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள், மேடம்ஜி, முட்டி வலிக்கிறது என்றேன். "உன் முட்டி உனக்கு வேதனை தருகிறது, இல்லையா?" என்றார் மேடம். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். தைலம் என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வரவே இல்லை. இரண்டாவது சட்டம், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது. பக்கத்து அறை வாத்தியாரிடம்கூட.

மாணவர்களுக்குப் பிராக்டிகல் உண்டு. ஒரு ஆளை எட்டு வாரம், வாரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடி அறை. உள்ளே இருக்கிறவருக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கிற வாத்தியாருக்கு அது ஜன்னல். ஸ்பீக்கர் வழியாகப் பேச்சும் கேட்கும். எல்லாம் இருந்தது, கஷ்டப்படுகிற ஆள்தான் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே போனால் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஜனங்களுக்குப் பயம். கடைசியில் தாடி சார் என்னைக் கேட்டார்.

"பஹன்ஜி, வாரத்தில் சில மணி நேரம் எங்கள் மாணவர்களோடு பேசுவீர்களா?"

மெத்தை நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, அந்த நேரம் துடைப்பம் எடுக்க வேண்டாம், டீயைக்கூட வேறு யாராவது கொண்டுவந்து எனக்குக் கொடுப்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் சார் என்றேன். மரியாதைக்காக இரண்டு நிமிஷம் யோசித்தேன்.

முதல் நாள் கான்பூர்ப் பெண் ஒருத்தி எதிரில் உட்கார்ந்தாள். உங்கள் மனதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உண்மைதான். என் வீட்டுக்காரர் ஒரு மெஸ்ஸில் காலைச் சமையல். பீடி இல்லை, குடி இல்லை. பதினோரு மணிக்கு வேலை முடிந்ததும் சூடாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் சைக்கிள் மிதித்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். இதில் என்ன கஷ்டத்தைச் சொல்ல? அப்படியே ஏதாவது இருந்தாலும், வீட்டு விஷயத்தை வெளியே கொட்டுகிற வளர்ப்பு இல்லை என்னுடையது. பேசாமல் இருந்தேன். அவளும் இருந்தாள். கால் மணி, அரை மணி. அவள் நெற்றியில் வேர்வை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாவம், நம்மால் ஒரு பிள்ளை கெட வேண்டாம் என்று, "என் புருஷன் குடிக்கிறான்" என்றேன்.

அவள் முகத்தில் உயிர் வந்ததே, அதைப் பார்க்க வேண்டும்! அப்புறம் என்னாலேயே நிறுத்த முடியவில்லை. குடிக்கிறான் என்றால் சும்மாவா இருப்பான்? அடிக்கிறான் என்றேன். பாத்திரத்தை வீசுகிறான் என்றேன். என்ன பாத்திரம் என்று அவள் கேட்கவில்லை. நானாகவே, இட்லிக் குண்டான் என்று சொன்னேன்.

அடுத்த நாள் தாடி சாருடைய மாணவர் வந்தார். பழைய கதையையே ஊற்ற மனசு வரவில்லை. இவருக்குப் புருஷன் ஓடிப்போய்விட்டான் என்றேன். பைப் சாருடைய ஆளுக்கு, புருஷன் இருக்கிறான், ஆனால் அம்மா பிள்ளை, மாமியார் எனக்குச் சோறு போடமாட்டேன் என்கிறாள் என்றேன். என் மாமியார் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டவர். படத்துக்கு மாலை போட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதுதான் இரண்டாவது சட்டம் இருக்கிறதே, ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போகாதே! இரண்டு வருஷம் இந்த மூன்று புருஷன்களையும் கலக்காமல் குடும்பம் நடத்தினேன். எனக்கு இருக்கிற ஞாபக சக்திக்கு நான் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

இதில் சில விஷயங்கள் அப்போது எனக்குப் புரியவில்லை. மேடம் குளிர்காலத்தில் ஒரு கம்பளிச் சால்வை கொடுத்து, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காயம் தேடியிருக்கிறார். பைப் சார் என்னை எதிரில் பார்த்தால் ஒரு பெருமூச்சு விடுவார். யோசனை சொல்லக் கூடாதே, பெருமூச்சுதான் விடலாம். தாடி சார் ஒருநாள் என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இவர் நல்லவரா? உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரா?" என்றார். ரொம்ப நல்லவர் சார் என்றேன். "அச்சா, அச்சா. நீ சந்தோஷமாக இருந்தால் போதும்" என்று போனார். என்ன பெரிய மனசு என்று நினைத்தேன். ஓடிப்போன புருஷனுக்குப் பதிலாக நான் சேர்த்துக்கொண்ட ஆள் என்று அவர் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஏசியாடு விளையாட்டுப் போட்டி வரப்போகிறதென்று ஊரெல்லாம் தோண்டிப்போட்டிருந்த வருஷம், ஒரு தமிழ்ப் பெண் வந்து சேர்ந்தாள். லோதி ரோடு கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ், அப்பா செக்ரட்டேரியட்டில் ஆபீசர். பிறந்ததே டெல்லி. தமிழ் பேசினால் பாதியில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். மேடத்தின் மாணவி. உன் பாஷைக்காரி இருக்கிறாள் என்று மேடம் என்னையே அவளுக்குக் கொடுத்தார். தமிழில் பேசுங்கள், எனக்கு எழுதிக் காட்டு என்று ஏற்பாடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் ஓட்டை இந்தியில் சொன்ன கதையை இனி சொந்த பாஷையில் சொல்லலாம்!

இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு அப்போது தினக்கூலிதான். இவளைப் பக்கா ஆக்க வேண்டும், அதாவது வேலையை நிரந்தரம் செய்ய வேண்டும், வீட்டில் ரொம்ப இம்சைப்படுகிறாள் என்று மேடம் ஆபீசுக்கு எழுதப்போவதாகக் காற்றில் செய்தி வந்தது. ஆகவே என் குடிகாரப் புருஷன் அந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகவே குடித்தான்.

அந்தப் பெண், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வது குறைவு. சும்மா கேட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். ஐந்தாவது வாரம், அவன் என் முடியைப் பிடித்து இழுத்ததை நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"அக்கா, நேத்து உங்களுக்கு வத்தக்குழம்பு கொண்டுவந்தாரே, அவர் யாரு?"

"அவருதான்."

"நான் வராண்டால உட்கார்ந்திருந்தேன். 'அவ காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டா, நீயாவது ஜல்தி சாப்பிடச் சொல்லும்மா'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனார். அவர்தான் குண்டானை வீசறாரா?"

"அது... பகல்ல நல்லாத்தான் இருப்பாரு."

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சிரித்தமாதிரிகூட இருந்தது. எனக்குப் பயங்கரக் கோபம். இரண்டு வருஷமாக மேதைகளெல்லாம் கண் கலங்கின கதை, இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன வந்தது?

பரீட்சை முடிகிற சமயம், ஒரு காலையில் மேடத்தின் அறைக்கு டீ கொண்டுபோனேன். அந்தப் பெண் நின்றுகொண்டு அழுகிறாள். மேசைமேல் அவள் எழுதிய தாள்கள். இந்த அம்மா சொல்வது எதுவும் நடந்ததல்ல என்று தோன்றுகிறது, நாம் கேட்பதால் நமக்காகக் கட்டிச் சொல்கிறார் என்று எழுதிவிட்டிருக்கிறாள். மேடம் எப்போதும்போல மெதுவாகத்தான் பேசினார்.

"ஒரு பெண் அடிபடுகிறேன் என்று உன்னை நம்பிச் சொல்கிறாள். நீ பொய் என்று எழுதுகிறாய். பிராக்டிகலில் நான் உனக்கு எப்படிப் பாஸ் போடுவேன்?"

நான் வந்ததைப் பார்த்ததும் மேடம் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். என் மனசு புண்படக் கூடாதாம்.

வெளியே வந்து அந்தப் பெண் குழாயடியில் முகம் கழுவினாள். பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, நீ பாட்டுக்கு ஆமாம் குடிக்கிறார்னு எழுதிட்டுப் போகவேண்டியதுதானே?"

"நிஜம் இல்லையே அக்கா."

"நிஜத்துக்கு மார்க்கு குடுக்கிறாங்களா?"

"ஒரு ஸ்கூல்ல வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க, பாஸ் பண்ணினா. அப்பா ஒரே ஒரு வருஷம்தான் விட்டார். திரும்ப எழுதறேன்னு வீட்டுல வாயே திறக்க முடியாது." அப்புறம் கேட்டாள், "சொல்லுங்கக்கா, நான் எழுதினது தப்பா?"

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிறைய வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு மாடிப்படியை மூன்று தடவை துடைத்தேன்.

மறுநாள் மூன்று வாத்தியார்களும் மார்க்கை முடிவு செய்ய உட்கார்ந்தார்கள். டீத்தட்டை வைத்துவிட்டு வழக்கமாக வெளியே போகிறவள், நின்றேன். மேடம்ஜி, என் புருஷன் குடிக்கிறதில்லை என்றேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் அவ்வளவு கனிவு. "இன்றைக்கு அவர் குடிப்பதில்லை என்று சொல்ல வேண்டும்போல் உனக்குத் தோன்றுகிறது."

"தோணலைங்க. நிஜமாவே குடிக்கிறதில்லை. அடிச்சதும் இல்லை. நான் கதை சொன்னேன்."

"அவரைக் காப்பாற்ற நினைக்கிறாய்."

தாடி சார் குழம்பிப்போய், "யாரை? அவர்தான் ஓடிப்போய் இரண்டு வருஷம் ஆகிறதே" என்றார்.

"ஓடிப்போனாரா? போன மாதம்தானே முடியைப் பிடித்து இழுத்தார்!" என்றார் மேடம்.

பைப் சார் வாயிலிருந்து பைப்பை எடுத்தார். "மாமியார்தானே இழுத்தது?"

அப்புறம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாவது சட்டம் ஒரே நிமிஷத்தில் மூன்று பேர் வாயாலும் உடைந்து மேசைமேல் கிடந்தது. அப்பாடா, புரிந்துவிட்டது, இனித் திட்டு விழும் என்று நான் நின்றேன். தாடி சார் கண்ணை மூடித் திறந்தார்.

"கடவுளே! இந்த ஒருத்திக்கா இவ்வளவும் நடந்தது?"

மற்ற இரண்டு பேரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். பைப் சார் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், படித்தவர்களிடம் பொய் சொல்வது லேசு. சொன்ன பொய்யைத் திரும்ப வாங்குவதற்குள் உயிர் போகிறது.

மணி பன்னிரண்டு. வேறு வழியில்லாமல் வாசல் கேட்டுக்கு ஓடினேன். சாப்பாட்டுத் தூக்கோடு அவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து அந்த அறையில் நிறுத்தினேன். பாதி வழியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே வந்து கும்பிட்டார்.

"இவர்தாங்க என் புருஷன். ஒரே புருஷன். இவருக்கு அம்மாவே கிடையாது."

மேடம் அவரை இந்தியில் கேட்டார், குடிப்பீர்களா என்று. அவர் என்னைப் பார்த்தார். "மெஸ்ல டீயே குடிக்கிறதில்லை மேடம், வயித்துக்கு ஒத்துக்காது" என்றார். இவளை அடித்ததுண்டா என்றார் மேடம். அவருக்கு அந்த வார்த்தை புரிந்தது. என் பக்கம் திரும்பித் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"நான் உன்னை அடிச்சேன்னு இங்க சொன்னியா?"

இரண்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் நிற்காமல் பேசின வாய், அப்போது ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எல்லார்கிட்டேயுமா?"

"இல்லை. மேடம்கிட்ட மட்டுந்தான். அந்த சார்கிட்ட ஓடிப்போயிட்டீங்கன்னு சொன்னேன்."

அவர் தூக்கை மேசைமேல் வைத்தார். மூன்று பேருக்கும் இன்னொரு கும்பிடு போட்டார். போய்விட்டார். அவர் முதுகை மூன்று வாத்தியார்களும் பார்த்தார்கள். அவர்கள் படித்த படிப்பு அப்போதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். யாரும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. மேடம் மட்டும் கேட்டார், "ஏன்?"

"வீட்டு விஷயத்தை வெளியே சொல்றது கேவலம்னு நினைச்சேன் மேடம்ஜி" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. வீட்டு மானத்தைக் காப்பாற்ற, கட்டின புருஷனை ஊரறியக் குடிகாரனாக்கிய அறிவாளி நான் ஒருத்திதான்.

அந்தப் பெண் எழுதினது சரி மேடம்ஜி, அவளைத் தண்டிக்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். மேடம் கவிழ்த்து வைத்திருந்த தாள்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சமைத்தார், தண்ணீர் பிடித்தார், கேட்டுவரை சாப்பாடு வந்தது. பேச்சு மட்டும் இல்லை. டிபார்ட்மென்ட் வழியையும் ஒருநாள் முயற்சி செய்தேன். எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்கு எம்மேல கோவமா இருக்கு, இல்லையா?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஆமா" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அந்தக் கண்ணாடி அறையில் நான் கவனித்து வைத்திருக்கவில்லை. என் கதையிலேயே மயங்கிக் கிடந்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் ரிசல்ட் ஒட்டினார்கள். அந்தப் பெண் வரவில்லை. பயம். அவள் நம்பர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாகக் கலந்து இருந்த தாளில் எங்கே என்று தேடுவது? கேட்டுக்கு ஓடினேன். அவர் எட்டாவது படித்தவர். பேச வேண்டாம், படித்து மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வந்து, விரலை வைத்து மேலிருந்து இறங்கினார். ஒரு இடத்தில் நின்றார். பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்தார்.

"பாஸ்."

ஒன்பது நாளில் இரண்டாவது வார்த்தை. அது எனக்குச் சொன்னதா, தாளைப் படித்ததா என்று நான் ஆராயவில்லை.

மேடம் அறையில் போன் இருந்தது. அவளுக்கு நீயே சொல் என்று மேடமே நம்பரைச் சுற்றி என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெளியே போனார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அந்தப் பக்கம் எடுத்தது பெண்ணின் அப்பா, அன்றைக்கு லீவு போலிருக்கிறது. கனத்த குரல்.

"டிபார்ட்மென்ட்லேருந்து பேசறேங்க. உங்க பொண்ணு பாஸ்."

"அப்படியா! தமிழ் பேசறேளே! அங்கே தமிழ் புரொபசர் இருக்கிறதா அவ சொல்லவே இல்லையே, மேடம்!"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். வாசலைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருக்கிற பெரியவங்க மூணு பேருக்கும் தெரியாத ஒண்ணை உங்க பொண்ணு கண்டுபிடிச்சா சார்" என்றேன். "அவளை அந்த ஸ்கூல் வேலைக்கு அனுப்புங்க. வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"நீங்களே சொல்றப்போ அப்புறம் என்ன மேடம். கண்டிப்பா அனுப்பறேன்" என்றார் அந்த ஆபீசர்.

போனை இரண்டு கையாலும் கீழே வைத்தேன். அதற்கப்புறம் நான் பக்கா ஆக இன்னும் மூன்று வருஷம் ஆனது. அது என் வாய்க்கு விழுந்த தண்டனை, எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வாசல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"யாருன்னு நினைச்சுப் பேசினாரு அவரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் எதுவும் சொல்லலை. அவராத்தான் நினைச்சுக்கிட்டாரு."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஓடிப்போனவர் வந்து நின்று ஏன் சிரிக்கிறார் என்று தாடி சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.